அந்திப்பொழுதில் துறைமுகம்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதையும் ஒழுக்கத்தையும் வகுத்தனர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. அஃதாவது, கதிரவன் மேற்கே சாயும் வேளை. அந்நிலத்திற்கு உரிய ஒழுக்கம் இரங்கல். பிரிந்து சென்றவரை எண்ணிக் கரையில் நிற்போர் வருந்துதலே இரங்கலாகும். கடல், அந்தி, பிரிவு என்னும் மூன்றையும் அவர்கள் ஒன்றாகப் பிணைத்தது வியப்புக்குரியது. இன்று துறைமுகத்தின் அந்திக் காட்சியைப் புகைப்படம் எடுக்க முற்படுவோரின் முன்னும் அம்மூன்றுமே நிற்கின்றன. ஆயினும், கண் கண்டு களிக்கும் காட்சி எல்லாம் படத்தில் அமைந்துவிடுவதில்லை. ஒளியின் போக்கை அறிந்தவர்க்கே அக்காட்சி கைவரும். காலத்தின் அருமையை அறிந்தவர் எடுத்த படமே பிற்காலத்தார்க்குச் சான்றாக நிற்கும்.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் கடல் இல்லை; பெரிய ஆறும் இல்லை. வானம் பார்த்த பூமி அது. எனினும், துறைமுகங்களோடு அந்நாட்டிற்குள்ள உறவு நெடியது. முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தவர் என்பது நகரத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. பிற்காலத்தில் அவர்கள் இலங்கைக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் கப்பலேறிச் சென்று வாணிகம் செய்தனர். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும், இத்தாலியச் சலவைக் கற்களும், பெல்ஜியக் கண்ணாடிகளும் கப்பல் வழியே வந்து அவர்தம் மாளிகைகளை அணி செய்தன. அம்மாளிகைகளின் சுவர்களில் முன்னோரின் புகைப்படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பொருள் தேடச் சென்ற கணவன் மீண்டு வரும்வரை, அவன் முகத்தை வீட்டாருக்குக் காட்டி நின்றவை அத்தகைய படங்களே. ஆதலின், துறைமுகமும் புகைப்படமும் செட்டிநாட்டு வாழ்வில் நெடுநாள் இணைந்தே இருந்தன எனலாம்.

அந்நாடு புகைப்படக் கலைஞர் ஒருவரையும் உலகிற்கு அளித்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் ஏ. கே. செட்டியார். இளமையில் இரங்கூன் நகரிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழில் பணியாற்றிய அவர், ஜப்பானுக்குச் சென்று டோக்கியோ நகரில் புகைப்படக் கலை பயின்றார். பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் பயின்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குக் கப்பலில் செல்லுகையில், காந்தியடிகளின் வாழ்வைத் திரைப்படமாகத் தொகுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் அலைந்து, ஏறத்தாழ 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 படப்பிடிப்பாளர்கள் எடுத்திருந்த சுருள்களைத் தேடித் திரட்டினார். அவை 50,000 அடி நீளம் இருந்தன. அவற்றிலிருந்து தொகுத்த படம் 1940-இல் வெளிவந்தது. புகைப்படம் என்பது அழகுப் பொருள் மட்டும் அன்று, காலத்தின் சான்றும் ஆகும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

துறைமுகத்தின் அந்தியைப் படம் எடுப்பவர் முதலில் அறிய வேண்டுவது திசை. கதிரவன் எங்கும் மேற்கேதான் மறைகிறான். ஆனால், துறைமுகங்கள் எல்லாம் மேற்கு நோக்கி இருப்பதில்லை. கொழும்புத் துறைமுகம் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ளது. அதன் அருகில் நகரத்தார் கடை வைத்து வாணிகம் செய்த செட்டியார் தெரு இருக்கிறது. அந்நகரின் காலிமுகத் திடலில் நிற்பவர், செங்கதிர் கடலில் இறங்குவதை நேரே காணலாம். அவ்வேளையில் கதிரவனுக்கும் காமிராவுக்கும் இடையே ஒரு கப்பல் வருமாயின், அதன் நிறமும் நுணுக்கமும் மறைந்து, வெட்டி எடுத்த கருந்தாள் போன்ற நிழலுருவம் மட்டும் தோன்றும். பாய்மரமும், புகைபோக்கியும், தளத்தில் நிற்கும் மாந்தரும் கோடுகளாகவே காட்சி அளிப்பர். படத்திற்கு உயிர் தருவது அப்போது வடிவமே.

சென்னையின் நிலை வேறு. அத்துறைமுகம் கிழக்கு நோக்கியது. மாலையில் கதிரவன் நகரத்தின் பின்னே மறைகிறான். கரையில் நின்று கடலை நோக்குபவர்க்குக் கதிரவன் முதுகுப் புறம் இருப்பதால், அவன் ஒளி கப்பல்களின் முகத்தில் பொன்போலப் படியும். துருப்பிடித்த இரும்பும், வண்ணம் தீட்டிய சரக்குப் பெட்டகங்களும், பாரந்தூக்கிகளும் தத்தம் நிறத்தோடு விளங்கும். கொழும்பில் வடிவத்தை வரையும் ஒளி, சென்னையில் நிறத்தை வரைகிறது. அன்றியும், கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் கிழக்கு வானின் அடியில் கருநீலப் பட்டை ஒன்று எழுவதையும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று படர்வதையும் காணலாம். அக்கருநீலம் வேறொன்றும் அன்று. பூமி தன் காற்று மண்டலத்தின்மீது வீழ்த்தும் நிழலே அது. மேற்கு வானையே நோக்கி நிற்போர் பெரும்பாலும் இவ்வரிய காட்சியைக் காணாது விடுகின்றனர்.

சென்னையில் நிழலுருவமும் வேண்டுமாயின் கடலுக்குள் செல்ல வேண்டும். கப்பலில் இருந்து மேற்கே நோக்குபவர்க்கு, சிவந்த வானத்தின் எதிரே நகரமே கருநிறக் கோடாகத் தோன்றும். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரங்கள் அக்கோட்டில் தனித்து நிற்கும். அவற்றுள் உயர்ந்த கோபுரமே 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அந்நாளில் மாலையில் கப்பலேறிய பயணிகள், தாயகத்தின் கடைசி அடையாளமாக அவ்விளக்கின் ஒளியைக் கண்டிருப்பர். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனும் கிழக்குக் கரையில் அமைந்ததே. அங்குக் கதிரவன் தீவின் மலைக்குப் பின்னே மறைகிறான். ஆதலின், ஓர் ஊரில் கற்ற முறையை மற்றோர் ஊரில் அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. நிலப்படத்தை விரித்துத் திசையைத் தேர்ந்த பின்னரே காமிராவை எடுத்தல் வேண்டும்.

அந்திவானம் சிவப்பதற்குக் காரணம் யாது? கதிரவன் ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை மிகுதியாகவும், சிவப்பொளியைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. உச்சியில் நிற்கும் கதிரவனின் ஒளி குறைந்த தொலைவே காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்தில் இருக்கும்போதோ, அதனைப் போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டியுள்ளது. வழியிலேயே நீலம் சிதறிப் போக, எஞ்சிய செம்மையே நம் கண்ணை அடைகிறது. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் ரேலி 1871-இல் கணக்கிட்டு விளக்கினார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்றும் அவர் கருதினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அக்கருத்தில் ஐயம் கொண்டார்; கப்பல் தளத்திலேயே எளிய கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீல நிறம் தருகின்றன என்று கண்டு, கப்பல் பம்பாய்த் துறைமுகம் அடைந்தபோது அதனைக் கட்டுரையாக எழுதினார். அந்த ஆராய்ச்சி வழியே சென்ற அவர், 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பலரும் பார்த்து வியந்த கடலை அவர் காரணம் தேடிப் பார்த்தார்.

திசைக்கு அடுத்தது காலம். தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், இங்குக் கதிரவன் சாய்வாக அன்றி, ஏறக்குறைய நேராகவே கீழிறங்குகிறான். வட்டத்தின் அடி அடிவானத்தைத் தொட்டபின், அது முழுதும் மறைய இரண்டு நிமிடத்திற்குச் சிறிது கூடுதலான நேரமே ஆகும். இலண்டன் நகரில் அதற்கு மூன்று நிமிடத்திற்கு மேல் ஆகிறது. மற்றொரு புதுமையும் உண்டு. அடிவானத்தைத் தொட்டு நிற்பதாகத் தோன்றும் கதிரவன், உண்மையில் அதற்குள் அடிவானத்தின் கீழே இறங்கிவிட்டான்! காற்று ஒளியை வளைப்பதால், மறைந்தவனின் உருவம் மேலே தெரிகிறது. கண் முன் நிற்பது போல் தோன்றும் அவ்வட்டம், சென்று மறைந்த கதிரவனின் தோற்றமே ஆகும்.

இரண்டு நிமிடத்திற்குள் இடம் தேடி, முக்காலி நாட்டி, காமிராவைப் பொருத்துதல் இயலாது. தேர்ந்த கலைஞர் ஒரு மணி நேரம் முன்னரே சென்று, நிற்கும் இடத்தை முடிவு செய்கின்றனர். கதிரவன் மறைந்தவுடன் திரும்பிவிடுவதும் தவறு. சென்னையில் அதன்பின் சுமார் 22 நிமிடம் வரை பொருள்களைத் தெளிவாகக் காணத்தக்க அந்தியொளி நிலவும். வானம் செம்மையிலிருந்து கருநீலத்திற்கு மாறும் அவ்வேளையில் கப்பல்களிலும் துறைமுகத்திலும் விளக்குகள் ஏற்றப்படும். வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் ஒரு நிலையில் நிற்கும் சில நிமிடங்களே, துறைமுகத்தைப் படம் எடுப்பதற்கு மிக ஏற்றவை. முன்னே எடுத்தால் விளக்கு தெரியாது. பின்னே எடுத்தால் வானம் தெரியாது.

இக்காட்சியைப் படமாக்குவதில் பெரிய இடர் ஒன்று உண்டு. வானம் மிகுந்த ஒளி உடையது. அதன் கீழுள்ள கடலும் கப்பலும் ஒளி குன்றியவை. மனிதக் கண் இரண்டையும் மாறி மாறி நோக்கித் தன்னைச் சரிசெய்து கொள்ளும். காமிராவோ ஓர் அளவையே கொள்ள வல்லது. வானத்திற்கு ஏற்ப ஒளியை அளந்தால் கப்பல் இருண்டுவிடும்; கப்பலுக்கு ஏற்ப அளந்தால் வானம் வெளுத்துவிடும். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விடரை எதிர்கொண்டவர் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே. அவர் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மிஞ்சிப் பற்றியதால், வானம் வெற்று வெண்மையாகவே பதிந்தது. 1856-ஆம் ஆண்டை ஒட்டிக் கடற்காட்சிகளை எடுத்த லெ கிரே, சில படங்களில் வானத்தை ஒரு தகட்டிலும் கடலை மற்றொரு தகட்டிலும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே படமாக அச்சிட்டார். கண்டோர் வியந்தனர்.

அதே காலத்தில் தமிழகத்திலும் ஒருவர் இவ்விடருக்கு வேறு வழி கண்டார். சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னியஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, செட்டிநாட்டை அடுத்த புதுக்கோட்டை ஆகிய இடங்களைப் படம் எடுத்தார். மெழுகு ஊட்டிய தாள்களையே அவர் பெரும்பாலும் பயன்படுத்தினார். வெறுமையாய் நின்ற வானத்தில், வண்ணம் தீட்டி மேகங்களைத் தாமே அமைத்தார். இன்று கைப்பேசியிலுள்ள காமிரா, ஒரு நொடியில் ஒளி மிகுந்ததும் குறைந்ததுமாகப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்துத் தருகிறது. கருவி புதிது, கருத்து லெ கிரே கண்டதே. காமிரா தானே இதனைச் செய்துவிடுமாயினும், எப்பகுதி இருளவேண்டும், எப்பகுதி விளங்கவேண்டும் என்று முடிவு செய்வது எடுப்பவரின் மனமே. கடலில் விழும் ஒளிப்பாதையைக் காட்ட விரும்புவோர் கப்பல் இருளுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் விளங்கச் செய்த படத்தில் அந்தியின் அமைதி இராது.

செயல்முறையில் கவனிக்க வேண்டியவை சில உள. ஒளி குறையக் குறையக் காமிராவின் கதவு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். கை நடுங்கினால் படம் கலங்கும். ஆதலின் முக்காலி இன்றியமையாதது. சில நொடிகள் திறந்து வைத்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து நீர்ப்பரப்பு பட்டுப்போலத் தோன்றும். நங்கூரமிட்ட கப்பல் தெளிவாகவும், விரைந்து செல்லும் படகு மங்கலாகவும் பதியும். அம்மங்கலும் ஓர் அழகே. நிற்பதையும் செல்வதையும் அது பிரித்துக் காட்டுகிறது. கடற்காற்றில் உள்ள உப்பு, லென்சில் படிந்து ஒளியை மங்கச் செய்யும். அடிக்கடி மெல்லிய துணியால் துடைத்தல் நன்று. கதிரவனை லென்சின் வழியே நேராகப் பார்த்தல் கண்ணுக்குத் தீங்கு விளைக்கும். மேலும், பெருந்துறைமுகங்கள் நாட்டின் பாதுகாப்புக்கு உரியவை. உரிய அனுமதி பெறாது அவற்றின் உள்ளே சென்று படம் எடுத்தல் கூடாது. கடற்கரையிலும் மீன்பிடி துறைமுகங்களிலும் பொதுமக்கள் நிற்கும் இடங்களிலிருந்தே நல்ல படங்கள் எடுக்கலாம். அங்கும், வலை சீர்செய்யும் மீனவரையோ சுமை தூக்கும் தொழிலாளரையோ அவர் இசைவு பெற்றே படம் எடுப்பது பண்பாகும்.

இவ்வளவு முயன்று ஒரு மாலைக் காட்சியைப் படமாக்குவதால் விளையும் பயன் என்ன என்று சிலர் வினவலாம். துறைமுகத்தைப் போல விரைந்து மாறும் இடம் நகரத்தில் வேறில்லை. சென்னையில் ஒருகாலத்தில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. இங்கிலாந்து இளவரசர் 1875 டிசம்பரில் கொழும்பிலும், அடுத்துச் சென்னையிலும் துறைமுகப் பணிக்குக் கல் நாட்டினார். சென்னையில் எழுந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பரில் வீசிய புயல் உடைத்தது. மீண்டும் கட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மணல் சேரும் தொல்லையைத் தவிர்க்கச் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர், கிழக்கே இருந்த வாயிலை வடகிழக்கிற்கு மாற்றினார். இன்று மசூலாப் படகு இல்லை. அந்த இரும்புப் பாலமும் இல்லை. அவை எவ்வாறு இருந்தன என்பதைப் பழைய படங்களே உரைக்கின்றன.

மக்கள் வாழ்வும் அவ்வாறே மாறியது. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரமாயிரம் தமிழரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. 1973-இல் அதன் பயணம் முடிந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன் நகர்மீது குண்டுகள் வீழ்ந்தபோது, அங்கு வாழ்ந்த இந்தியர் பலர் துறைமுகத்திற்கு ஓடிக் கப்பலேறினர்; கப்பல் கிடைக்காதோர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர்; வழியில் மாண்டோர் பலர். தலைமுறை தலைமுறையாகத் தேடிய பொருளையும் கடைகளையும் விட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிய செட்டிநாட்டினரும் அவர்களுள் இருந்தனர். வழியனுப்பும் கைகளும், கண்ணீரும், மீண்டு வந்தோரைத் தழுவும் தாயரும் துறைமுகத்தின் அன்றாடக் காட்சிகளாய் இருந்த காலம் அது. இப்போது அப்பயணங்கள் வானூர்தி வழியே நிகழ்கின்றன. அன்று யாரோ ஒருவர் எடுத்து வைத்த படம் ஒரு வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அதன் மதிப்பு அளவிடற்கு அரிது.

ஆனால், அத்தகைய படங்கள் பல இன்று பேசாப் படங்களாக உள்ளன. எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு, நிற்பவர் யாவர் என்பது எழுதப்படாமையால், பெட்டியில் கிடந்தும் அவை பயன்படவில்லை. சிதறிக் கிடந்த சுருள்களைத் தேடி உலகைச் சுற்றிய ஏ. கே. செட்டியாரின் உழைப்பு இவ்விடத்து நினைவு கூரத்தக்கது. ஆதலின், படம் எடுப்போர் அதன் பின்புறத்திலோ குறிப்பேட்டிலோ நாள், இடம், நோக்கிய திசை, கப்பலின் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய படங்களைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பதும் மாணவர் எளிதில் செய்யத்தக்க நற்பணியாகும்.

அந்திச் செம்மை நாள்தோறும் வரும். அதன் கீழ் நிற்கும் துறைமுகமோ நாள்தோறும் மாறும். நேற்று நின்ற கப்பல் இன்று இல்லை; இன்று சுமை இறக்குவோர் நாளை இருப்பரோ அறியோம். கதிரவன் தரும் அந்த இரண்டு நிமிடத்தில் திசையறிந்து, அளவறிந்து, பொறுமையோடு எடுத்த ஒரு படம், நூறு ஆண்டுகள் கழித்து வருவோர்க்கு அந்த மாலையை மீண்டும் காட்டும். அதன் பின்னே எழுதிய ஒரு வரி, அது எந்த மாலை என்பதைச் சொல்லும்.